நீரிழிவாளர்தம் ஆசான் எலியட் ஜாஸ்லின்

மருந்து என்னும் அதிகாரத்திலே திருவள்ளுவர், நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அம்மருந்தை அருகிருந்து கொடுப்பவன் என மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துரைத்தார். இந்நான்கனுள் மருந்தொழிந்த மூவரும் வெவ்வேறு மக்களாவர் என்றே நாம் பொதுவாக எண்ணியிருக்கின்றோம். நோயாளி படுத்திருப்பான், மருத்துவர் நாடி பார்ப்பார், தாதி மருந்தூட்டுவாள். ஆயின், வாணாள் முழுவதும் நீங்காத ஒரு நோயும், நாடோறும் உடலிற் செலுத்தப்பட வேண்டிய ஒரு மருந்தும் ஒருங்கு கூடுமாயின், அம்மூவர் தொழிலையும் நோயாளி ஒருவனே மேற்கொள்ள வேண்டியவனாகின்றான். நீரிழிவும் இன்சுலினும் அத்தகையன. நோயாளியையே மருத்துவனாகவும் தாதியாகவும் ஆக்கவல்லது கல்வி ஒன்றே என்று தெளிந்து, அக்கல்வியைப் புகட்டுதலையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்ட ஒரு பெரியாரது சரித்திரத்தை நம் கலாசாலை நண்பர்களுக்கு ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம். அவர், அமெரிக்க ஐக்கிய நாட்டுப் போஸ்டன் நகரத்து வைத்தியர் எலியட் ஜாஸ்லின் என்பவர்.

ஜாஸ்லின் 1869-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 6-ஆம் நாள், மாசசூஸெட்ஸ் மாகாணத்து ஆக்ஸ்போர்டு என்னும் சிற்றூரிற் பிறந்தார். இங்கிலாந்திற் புகழ்பெற்று விளங்கும் ஆக்ஸ்போர்டு வேறு, இவ்வூர் வேறு. அவர் தந்தையார் பாதரட்சைத் தொழிலில் ஈடுபட்டுச் செல்வம் எய்தியவர். ஜாஸ்லின் 1890-இல் யேல் சர்வகலாசாலையிற் பட்டம் பெற்றுப் பின்னர் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1895-இல் வைத்தியப் பட்டமும் பெற்றார். மாணவராயிருந்த 1893-ஆம் ஆண்டிலேயே நீரிழிவுற்ற ஓர் இளம்பெண்ணைக் கண்டு, அவள் நிலைமையைப் பதிவேடொன்றில் எழுதிவைத்தார். அன்று தொடங்கிய அவ்வழக்கம் அவர் வாழ்நாளளவும் ஒழிந்திலது. தம்மிடம் வந்த நீரிழிவாளர் ஒவ்வொருவரையும் பெயரும் எண்ணுமிட்டுப் பதிந்துகொண்டு, அவர் எவ்வாறு வாழ்ந்தார், எத்துணைக் காலம் வாழ்ந்தார், எதனால் இறந்தார் என்பனவற்றைத் தொடர்ந்து எழுதிவந்தார். ஒரு நோயைப்பற்றி ஒருவர் தம் கைப்படத் தொடங்கி வளர்த்த இத்தகைய பெருங்கணக்கு உலகில் மிக அரிது.

பட்டம் பெற்றபின் ஐரோப்பா சென்று, ஸ்டிராஸ்புர்க் நகரில் நீரிழிவாராய்ச்சியில் வல்லவராய் விளங்கிய நௌனின் என்னும் ஆசிரியரிடம் சிலகாலம் பயின்றார். 1898-இல் போஸ்டனில் தொழில் தொடங்கினார். சின்னாட்களுள் அவரைப் பெற்ற அன்னையார்க்கே நீரிழிவு கண்டது. மகன் வகுத்த உணவு முறையை அவ்வம்மையார் தவறாது கைக்கொண்டு, பத்தாண்டுகளுக்கு மேலும் உயிர் வாழ்ந்தார். நோயாளி அறிவோடு ஒத்துழைப்பின் வாணாள் நீளும் என்பதை ஜாஸ்லின் முதன்முதல் தம் இல்லத்திலேயே கண்டனர் என்னலாம்.

அந்நாளில் நீரிழிவு எத்துணைக் கொடியதாயிருந்தது என்பதை இக்காலத்தார் உணர்தல் அரிது. நாம் உண்ணும் உணவினின்றும் பிறக்கும் சர்க்கரையை உடலுறுப்புக்கள் ஏற்றுக்கொள்ளுதற்குக் கணையம் என்னும் உறுப்பிலிருந்து சுரக்கும் ஒரு நீர் துணை செய்கின்றது. அச்சுரப்பு அற்றுப்போயின், இரத்தத்திற் சர்க்கரை மிகுந்து சிறுநீர் வழியே ஒழுகும். உண்டும் உண்டும் உடல் மெலியும், நாவறட்சி தீராது, முடிவில் இரத்தத்தில் அமிலம் மிகுந்து உணர்வற்ற மயக்கம் வந்து உயிர் நீங்கும். இந்நோய் பற்றிய சிறுவர் பெரும்பாலும் ஓரிரண்டு ஆண்டுகளில் மடிந்தனர். 1915-ஆம் ஆண்டையடுத்துப் பிரெடரிக் ஆலன் என்னும் அறிஞர் பட்டினிச் சிகிச்சை முறையொன்றை நிலைநாட்டினார். சர்க்கரை ஒழியும்வரை உணவைக் குறைத்தலே அதன் சாரம். ஜாஸ்லினும் அதனையே கைக்கொண்டார், வேறு வழியில்லை. குழந்தைகள் எலும்புந் தோலுமாய்ச் சில திங்கள் கூடுதலாக வாழ்ந்தனர். அதனினும் நன்மருந்தொன்று வரும்வரை அவர்களை உயிரோடு வைத்திருத்தல் வேண்டும் என்னும் நம்பிக்கை ஒன்றே அவரைத் தாங்கியது.

1916-இல், தாம் கண்ட 1,000 நோயாளரின் வரலாற்றை ஆதாரமாகக் கொண்டு நீரிழிவுச் சிகிச்சையைப்பற்றி ஒரு பெருநூல் எழுதினார். அது மருத்துவர்க்கானது. ஈராண்டு கழித்து, 1918-இல், மருத்துவரும் நோயாளரும் ஒருங்கே படித்தற்குரிய கைந்நூல் ஒன்றை வெளியிட்டார். நோயாளி கையில் நோயைப்பற்றிய நூலைக் கொடுத்தல் அந்நாளிற் புதுமையே. தன் நோயை மிகுதியும் அறிந்துகொண்டவனே மிகுதியான நாள் வாழ்வான் என்பது அவர் கொள்கை. அந்நூல் அவர் காலத்திலேயே பலமுறை திருத்திப் பதிப்பிக்கப்பட்டது.

1921-இல் எழுதிய ஒரு கட்டுரையில் அவர் கிராமமொன்றின் தெருவைச் சித்திரித்தார். அத்தெருவில் அடுத்தடுத்து மூன்று வீடுகள் இருந்தன. அவற்றில் ஒருவர்பின் ஒருவராகக் குடியிருந்த குடும்பத் தலைவர் எழுவருள் ஒருவரொழிய அனைவரும் நீரிழிவால் மாண்டனர். தொற்றுநோயால் அறுவர் இறந்திருப்பின் ஊர் முழுதும் கிளர்ந்தெழுந்து காரணத்தை ஆராய்ந்திருக்கும். நீரிழிவாதலின் ஒருவரும் திரும்பிப் பார்த்திலர் என்று அவர் எடுத்துக்காட்டினார். நீரிழிவு மருத்துவர் அறைக்குள் அடங்கும் நோயன்று, ஊரார் அனைவரும் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் என்பதே அக்கட்டுரையின் உட்பொருள்.

அவ்வாண்டிலேயே கானடா தேசத்து டொரான்டோ சர்வகலாசாலையில், மக்லியாட் என்னும் பேராசிரியரின் ஆராய்ச்சிச்சாலையில், பான்டிங், பெஸ்ட் என்னும் இருவரும் நாயின் கணையத்தினின்றும் அவ்வருநீரைப் பிரித்தெடுக்க முயன்று வெற்றி கண்டனர். காலிப் என்பவர் அதனைத் தூய்மை செய்தனர். 1922-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் நாள் சாகுந் தறுவாயிலிருந்த 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதல் ஊசிவழிச் செலுத்தப்பட்டது. அன்று செலுத்திய மருந்தில் மாசு மிக்கிருந்தமையால் பயன் சிறிதே; 23-ஆம் நாள் தூய மருந்தைச் செலுத்தியபோது சர்க்கரை இறங்கிற்று; சிறுவன் பிழைத்தான். இம்மருந்தே இன்சுலின். 1922 ஆகஸ்டு 7-ஆம் நாள் ஜாஸ்லின் தம் நோயாளருள் ஒரு பெண்மணிக்கு அதனை முதன்முதல் வழங்கினார். பட்டினியால் சுமார் 70 பவுண்டு எடையளவிற்கு மெலிந்திருந்த அவ்வம்மையார், சில வாரங்களுக்குள் வீட்டினின்றும் வெளிப்போந்து நெடுந்தூரம் நடக்கும் வலிமை பெற்றார்.

மருந்து வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று உலகம் களித்தது. ஜாஸ்லினோ, உண்மையான வேலை இனித்தான் தொடங்குகின்றது என உணர்ந்தார். என்னை? இன்சுலின் நோயை வேரோடு களைவதன்று; இல்லாத சுரப்பை அன்றன்று ஈடுசெய்வது. வாய்வழி உட்கொள்ளின் வயிற்றில் சீரணமாகி அழிந்துபோம்; ஆதலின் ஊசிவழியே செலுத்துதல் வேண்டும். முதலிற் கிடைத்த இன்சுலின் சில மணி நேரமே வேலை செய்தமையால், ஒரு நாளில் இரண்டு மூன்று முறை, உணவுக்குமுன், குறித்த அளவிற் குத்துதல் வேண்டியிருந்தது. இதற்கென நாடோறும் மும்முறை மருத்துவர் வீடுதேடி வருதல் கூடுமோ? பண்ணைவேலை செய்வோனும், சமையற்காரியும், பள்ளிச் சிறுவனும் தம் கையாலேயே ஊசி பிடித்தாலொழிய அவர்கள் வாழ்தல் இயலாது. அதுவரை மருத்துவர் பையிலேயே உறங்கிய ஊசிக்குழலைக் கல்லாத ஏழையின் கையில் ஒப்புவித்தல் தகுமோ என்னும் ஐயம் எழுதல் இயல்பே. ஜாஸ்லின் அவ்வையத்திற்கு அளித்த விடை ஒரு பள்ளிக்கூடம்.

மெதொடிஸ்டு சபையின் ஊழியப் பெண்டிர் 1896-இல் நிறுவிய நியூ இங்கிலாந்து டீக்கனஸ் வைத்தியசாலையே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று. அங்குச் சேர்ந்த நீரிழிவாளர் கட்டிலிற் கிடந்து காலங்கழிக்கவில்லை. கூட்டமாக அமர்ந்து பாடங் கேட்டனர். உணவை நிறுத்தளத்தல், சிறுநீரைச் சோதித்தல், ஊசி குத்துதல், பாதங்களைப் பேணுதல் என்பன பாடங்கள். சிறுநீர்ச் சோதனைக்குப் பெனடிக்ட் திரவம் என்னும் நீலநிற நீர் பயன்பட்டது. அதனோடு சில துளி சிறுநீரைச் சேர்த்துக் காய்ச்சின், சர்க்கரையில்லாவிடத்து நீலம் மாறாது. சர்க்கரை மிகமிகப் பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என முறையே மாறும். எழுத்தறியாதவனும் இந்நிறங்களைக் கண்டு தன் நிலையை அறியலாமன்றோ?

ஊசி குத்தும் பாடம் இவையனைத்தினும் நுட்பமானது. அந்நாளில் ஊசிக்குழல் கண்ணாடியாலானது, ஊசி எஃகினாலானது, இரண்டையும் மீண்டும் மீண்டும் பயன்படுத்துதல் வேண்டும். ஆதலின் கொதிநீரில் இட்டுத் தூய்மை செய்தல் முதற்பாடம். கைகளைக் கழுவுதல், மருந்துக் குப்பியின் ரப்பர் மூடியை ஸ்பிரிட்டாற் துடைத்தல், எடுக்கவேண்டிய மருந்தின் அளவிற்குக் காற்றைக் குழலில் இழுத்து முதலில் குப்பிக்குள் செலுத்துதல், பின் குப்பியைத் தலைகீழாகப் பிடித்து மருந்தை இழுத்தல், காற்றுக் குமிழிகளைப் போக்குதல், அளவுக்கோட்டைக் கண்ணுக்கு நேரே வைத்து நோக்குதல் என்பன அடுத்தவை. பின்னர்த் தொடையிலோ வயிற்றிலோ தோலை மெல்லப் பற்றி, தசையிற் படாது தோலுக்குக் கீழுள்ள கொழுப்பில் மருந்து சேருமாறு ஊசியைச் செலுத்துதல் வேண்டும். ஒரே இடத்தில் நாடோறும் குத்தின் அவ்விடம் குழிந்தோ தடித்தோ போம்; தடித்த இடத்திற் செலுத்திய மருந்து ஒருநாள் விரைந்தும் ஒருநாள் தாமதித்தும் இரத்தத்திற் கலக்கும். ஆதலின் இடத்தை முறையாக மாற்றிக்கொண்டே வருதல் வேண்டும்.

இவற்றினும் அபாயமானது கணக்கு. இன்சுலினை யூனிட்டு என்னும் அளவையால் அளப்பர். முதலில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 10 யூனிட்டும் 20 யூனிட்டும் கொண்ட மருந்துகள் விற்கப்பட்டன. பின்னர் 40, 80 யூனிட்டு மருந்துகள் வந்தன. 40 யூனிட்டுக் குப்பியினின்றும் அரைக் கன சென்டிமீட்டர் எடுப்போன் 20 யூனிட்டு பெறுகின்றான். அதே அளவை 80 யூனிட்டுக் குப்பியினின்றும் எடுப்பின், தானறியாமலே இரட்டிப்பு மருந்தை ஏற்றிக்கொள்கின்றான். மிகுதியாயின் இரத்தச் சர்க்கரை அளவிற்குக் கீழ் இறங்கும். வியர்வை, நடுக்கம், கடும்பசி, மனக்குழப்பம் முதலியன தோன்றும். உடனே சர்க்கரையோ பழரசமோ உட்கொள்ளாவிடின் உணர்விழந்து உயிருக்கே இறுதி நேரலாம். காக்கும் மருந்தே கொல்லும் மருந்தாதல் ஒரு கோட்டளவு பிழையில் அடங்கியிருந்தது. 1924-இல் இன்சுலினுக்கென்றே தனிக் குழல் ஒன்று செய்யப்பட்டது. எனினும், கருவி திருந்தினும், அதனைக் காணும் கண்ணும் பிடிக்கும் கையும் பயிற்சி பெறாவிடின் யாது பயன்?

இப்பயிற்சியை மருத்துவர் ஒருவரே அளித்தல் இயலாதென்பதை ஜாஸ்லின் உணர்ந்தார். தாதியரை ஆசிரியைகளாகப் பழக்கினார். அவர்கள் வைத்தியசாலையிற் கற்பித்ததன்றி, நோயாளர் இல்லங்களுக்கும் சென்று, அங்குள்ள அடுப்பிலேயே ஊசியைக் காய்ச்சச் செய்து, அங்குள்ள உணவையே நிறுத்துக்காட்டிப் போதித்தனர். பிற்காலத்தில் நீரிழிவுக் கல்வியாளர் என்று உலகெங்கும் பணிபுரியும் வகுப்பினர்க்கு இவரே முன்னோடிகள்.

1924-இல் பிரிஸில்லா வைட் என்னும் பெண் மருத்துவர் ஜாஸ்லினோடு சேர்ந்து, சிறுவரையும் கருவுற்ற மகளிரையும் பேணும் பொறுப்பை ஏற்றார். 1932-இல், ஜாஸ்லின் பிறந்த ஆக்ஸ்போர்டில், அவ்வூரிலேயே பிறந்து புகழெய்திய கிளாரா பார்ட்டன் அம்மையாரின் இல்லத்தை ஒட்டி, நீரிழிவுற்ற சிறுமியர்க்குக் கோடைக்கால விடுதி ஒன்று தொடங்கப்பட்டது. சிறுவர்க்கென மற்றொரு விடுதி ஜாஸ்லின் பெயராலேயே 1948-இல் ஏற்பட்டது. பள்ளியில் தான் ஒருத்தியே ஊசி குத்திக்கொள்பவள் என்று நாணியிருந்த சிறுமி, அங்கே தன்னையொத்த சிறுமியர் பலரும் காலையில் வரிசையாக அமர்ந்து ஊசி குத்திக்கொள்ளுதலைக் காணும்போது அச்சமும் நாணமும் ஒருங்கே நீங்குமன்றோ? தோழியிடம் கற்கும் பாடம் ஆசிரியரிடம் கற்பதினும் ஆழமாகப் பதிதல் நாம் நம் விடுதி வாழ்க்கையிலும் காண்பதே.

ஜாஸ்லின் தம் கொள்கையிற் கண்டிப்பு மிக்கவர். உணவு, இன்சுலின், தேகாப்பியாசம் மூன்றும் ஒரு தேரிற் பூட்டிய மூன்று குதிரைகள், நோயாளியே சாரதி, ஒன்று தறிகெட்டோடினும் தேர் கவிழும் என்பது அவர் விரும்பிக் கையாண்ட உருவகம். சாரதி விழிப்பாயிருந்து இரத்தச் சர்க்கரையை இயன்றவரை இயல்பளவில் வைத்தால், கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் கெடாமற் காக்கலாம் என்று அவர் உறுதியாக நம்பினார். மருத்துவர் பலர் இதனை ஒப்பவில்லை. நோயாளி விரும்பியதை உண்ணலாம், மயக்கம் வராத அளவிற்கு இன்சுலின் இருந்தாற் போதும் என்று வாதித்தோரும் இருந்தனர். இரு சாராரிடத்தும் அன்று முடிவான சான்று இல்லை. ஜாஸ்லின் தம் பதிவேட்டையே துணையாகக் கொண்டு தம் கொள்கையைக் கைவிடாது நின்றார். 25 ஆண்டு நீரிழிவோடு வாழ்ந்தும் உறுப்புக் கேடின்றி விளங்கியோர்க்குப் பதக்கமளித்துப் பாராட்டும் வழக்கமும் ஏற்படுத்தினார். கண்டிப்பான ஆசிரியரிடத்து மாணவர் சிலர் மனம் நோதல் போல, முயன்றும் கேடுற்ற நோயாளர் சிலர் தம்மைத் தாமே குற்றவாளிகளாகக் கருதி வருந்தியிருத்தலும் கூடும். நோயின் போக்கு முழுவதும் நோயாளியின் ஒழுக்கத்தில் அடங்கியதன்று என்பதை இன்று நாம் அறிவோம். இக்குறையைச் சொல்லாது விடுதல் சரித்திரத்திற்கு அழகன்று.

1946-47-ஆம் ஆண்டுகளில் அரசாங்கப் பொதுச் சுகாதாரப் பகுதியார் ஆக்ஸ்போர்டு மக்களைச் சோதித்தனர். சோதிக்கப்பட்ட 3,516 பேருள் 70 பேர்க்கு நீரிழிவிருந்தது. அவர்களுள் 30 பேர் தமக்கு அந்நோயுண்டென்பதையே அதுவரை அறியாதவர். ஊரார் கற்க வேண்டிய பாடம் என்று 1921-இல் ஜாஸ்லின் கூறியதற்கு அவர் பிறந்த ஊரே சான்று பகர்ந்தது.

அவர் கூட்டிய மருத்துவர் குழு 1952-இல் ஜாஸ்லின் வைத்தியசாலை என்னும் பெயர் பெற்றது. 1956-இல் அதற்குரிய புதிய கட்டிடம் எழுந்தது. முதுமையிலும் அவர் நோயாளரைக் காணுதலை விட்டாரல்லர். 1962-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள், தம் 92-ஆம் வயதில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் விட்டுச்சென்ற வாதத்திற்கு முடிவு 31 ஆண்டு கழித்தே கிட்டியது. அமெரிக்காவிலும் கானடாவிலும் இன்சுலினையே நம்பி வாழும் வகை நீரிழிவுடையார் 1,441 பேரை இரு பிரிவாக்கிப் பல்லாண்டு நிகழ்த்திய பேராராய்ச்சியின் முடிவு 1993-இல் வெளியாயிற்று. சர்க்கரையை இயல்பளவிற்கு நெருங்கக் காத்தோர்க்குக் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் கேடு பெரிதும் குறைந்தது. ஜாஸ்லின் கருதியது மெய்யாயிற்று. ஆயின், அவ்வாறு காத்தோரிடத்துச் சர்க்கரை மிகத் தாழ்ந்துபோகும் அபாயம் ஏறக்குறைய மும்மடங்காயிற்று என்பதையும் அதே ஆராய்ச்சி காட்டிற்று. இவ்விரண்டையும் ஒருங்கு நோக்கின், கட்டுப்பாடு வேண்டும். அதனினும் முன்னதாகக் கல்வி வேண்டும் என்பது போதரும்.

இன்று கண்ணாடிக் குழலுமில்லை, காய்ச்சுதலுமில்லை. மயிரிழை போன்ற ஊசிகளும் பேனா வடிவக் கருவிகளும் வந்துள்ளன. எனினும் பழைய பிழைகள் முற்றும் ஒழிந்தில. நம் நாட்டில் 40 யூனிட்டுக் குப்பியும் 100 யூனிட்டுக் குப்பியும் இன்றும் வழங்குகின்றன. சிவப்பு மூடியுள்ள குழல் முன்னதற்கும், ஆரஞ்சு நிற மூடியுள்ள குழல் பின்னதற்கும் உரியன. 100 யூனிட்டு மருந்தைச் சிவப்பு மூடிக் குழலில் எடுப்போன் இரண்டரை மடங்கு மருந்தை ஏற்றிக்கொள்கின்றான். 40 யூனிட்டு மருந்தை மற்றைக் குழலில் எடுப்போன் தனக்குரியதிற் பாதியும் பெறான். நம் இல்லங்களிலே பாட்டனாரோ அன்னையாரோ ஊசி குத்திக்கொள்வாராயின், குப்பியும் குழலும் பொருந்துகின்றனவா, குத்தும் இடம் நாடோறும் மாறுகின்றதா என்று இன்று மாலையே நாம் நோக்குவோமாக.

பான்டிங் முதலியோர் மருந்தைக் கண்டனர். அவர் புகழ் உலகறிந்தது. அம்மருந்தைச் சமையலறை மேசையருகே, தனித்திருக்கும் ஒரு நோயாளியின் கைக்குப் பழக்கமாக்கியது ஜாஸ்லினும் அவர்தம் தாதியரும் புரிந்த பணி. கண்டுபிடித்தல் அரிது, கண்டதனை எளியோர் கையிற் பிழையின்றிச் சேர்த்தல் அதனினும் குறைந்ததன்று. நம் கலாசாலையினின்றும் ஆசிரியராகவும் மருத்துவராகவும் தாதியராகவும் ஆண்டுதோறும் புறப்படும் நண்பர்காள்! தமக்குத் தெரிந்ததைத் தம்மோடு வைத்துக்கொள்ளாது, பிறர் தம்மையின்றியும் வாழுமாறு கற்பிப்பவரே ஆசிரியர். நோயாளி தம் துணையின்றியே நலமாக வாழ்தலைத் தம் வெற்றியாகக் கொண்டவர் ஜாஸ்லின். அவ்வெற்றி நமக்கும் உரியதாகுக.